லண்டன் நாய் ரேஸ் புக்கிகளைப் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

போன வாரம் லண்டன் வால்தம்ஸ்டோ நாய் ரேஸ் ஸ்டேடியம் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இத்தனை பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன். என்னைத் தெரியாதவங்களுக்காக: மதுரைக்காரன், 1983-ல அக்கவுண்ட்ஸ் படிக்க லண்டன் வந்தேன், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு வயசான புக்மேக்கர், அதாவது ரேஸுக்கு பெட் வாங்கற புக்கி, இருந்தார், நான் மனக்கணக்கு வேகமா போடறதைப் பார்த்துட்டு சனிக்கிழமை ராத்திரி கிளார்க் வேலைக்குக் கூட்டிட்டுப் போனார், அப்படியே வால்தம்ஸ்டோ, ஹாக்னின்னு பதினாலு வருஷம் ஓடிருச்சு. நான் பெட் கட்டினவன் இல்ல, மத்தவங்க கட்டினதை எழுதினவன். அதனால எந்த நாய் ஜெயிக்கும்னு மட்டும் கேக்காதீங்க. அப்புறம் இன்னொண்ணு, 'கெனல்ல (நாய் வளர்க்கிற இடத்துல) இருந்தே நியூஸ் வந்திருக்கு'ன்னு காதுல வந்து சொல்றவன் யாரா இருந்தாலும் பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க.

கணக்கு வாத்தியார், சேலம்: எந்த நாய் ஜெயிக்கும்னு தெரியாமலே புக்கிக்கு எப்படி லாபம் வருது அண்ணே?

சார், உங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும். ஆறு நாய் ஓடுது. ஆறும் ஒரே தரம்னா நியாயமான ரேட் ஒவ்வொண்ணுக்கும் 5/1, அதாவது ஒரு பவுண்ட் கட்டினா அஞ்சு பவுண்ட் லாபம், கட்டின ஒண்ணும் திரும்ப வரும். புக்கி அப்படி எழுத மாட்டார், 4/1னு எழுதுவார். ஒவ்வொரு நாய் மேலயும் 20 பவுண்ட் வாங்கினா கைக்கு வர்றது 120, எது ஜெயிச்சாலும் போறது 100. நிஜ போர்டுல ரேட் ஒரே மாதிரி இருக்காது, 2/1, 3/1, 4/1, 5/1, 6/1, 10/1னு இருக்கும்னு வைங்க, ஒவ்வொண்ணையும் சதவீதமா மாத்திக் (2/1னா மூணுல ஒரு பங்கு, 33) கூட்டிப் பாருங்க, 118 சொச்சம் வரும். நூறுக்கு மேல இருக்கிற அந்த 18 தான் அவர் வீட்டு அரிசி.

ஆனா ஜனங்க சமமா கட்ட மாட்டாங்களே, ஃபேவரிட் மேலயே குவிப்பாங்க. அங்கதான் திறமை. என் லெட்ஜர்ல ஆறு நாய்க்கும் ஆறு பத்தி, ஒவ்வொரு பெட் எழுதும்போதும் அந்த நாய் ஜெயிச்சா மொத்தம் எவ்வளவு வெளிய போகும்னு ஓரத்துல ஓடுற கணக்கு ஒண்ணு போட்டுக்கிட்டே வரணும். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காம "நாலு என்ன ஆகுது?"ன்னு கேப்பார், நான் மூச்சு விடறதுக்குள்ள "நானூத்தி இருபது போகும்"னு சொல்லணும், சொன்ன அடுத்த நொடி ஈர ஸ்பாஞ்சால 5/2-வை அழிச்சு 2/1னு சாக்பீஸ்ல எழுதிருவார். ரேஸ் நடக்கிறது அரை நிமிஷம், ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவுல கால் மணி நேரம், ஆனா காசு வர்றது பூரா கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துல, மணிச் சத்தம் கேட்டு நாய்ங்க துரத்துற எந்திர முயல் கிளம்புற வரைக்கும் தலை நிமிர முடியாது. ஜனவரி மாசம் ஸ்பாஞ்ச் வாளியில ஐஸ் கட்டிரும், விரல் நுனி வெட்டின கம்பளி க்ளவுஸ் போட்டுக்கிட்டு பென்சில் பிடிக்கணும். பேனாவுல மை உறைஞ்சிரும்.

ஈஸ்ட் ஹாம் வாசி: இந்த வாரம் ரோம்ஃபோர்ட் டிராக் போறேன், ஏதாவது ட்ராப் நம்பர் (நாய் கிளம்புற கூண்டு நம்பர்) சொல்லுங்க அண்ணா.

மேல முதல் பத்தியைத் திரும்பப் படிங்க தம்பி.

ரயில்வே ஊழியர், திருச்சி: பழைய படங்கள்ல வெள்ளை க்ளவுஸ் போட்டு கையைக் கையை ஆட்டுறாங்களே, அது என்ன?

அதுதான் டிக்-டாக். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மொபைல் போன் வர்றதுக்கு முன்னாடி டிராக்கோட ஒரு பக்கத்துல ரேட் மாறினா இன்னொரு பக்கத்துல நிக்கிற புக்கிக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆள் பெட்டி மேல ஏறி நின்னு கையாலயே சொல்வான். வெள்ளை க்ளவுஸ் எதுக்குன்னா ராத்திரி வெளிச்சத்துல, சிகரெட் புகையில, தூரத்துல இருந்து தெரியணும்ல. ரெண்டு கையையும் உச்சந்தலையில வெச்சா 9/4. காதைத் தொட்டா 6/4, மணிக்கட்டு 5/4, தோள்பட்டை 7/4. ரெண்டு கை விரல் நுனியும் ஒண்ணோட ஒண்ணு தொட்டா 11/10. ரெண்டு முஷ்டியையும் சேர்த்து வலது கட்டைவிரலைத் தூக்கினா 10/1. கையைக் குறுக்க மடிச்சு நெஞ்சுல பதிச்சா 33/1. இதெல்லாம் ஒரு நொடிக்கு ஒண்ணுன்னு ஓடும், நாம பார்த்தா ஏதோ கொசு கடிக்குதுன்னு நினைப்போம்.

வாய்ப் பாஷையும் தனி. ஃபோரைத் தலைகீழா எழுதி ரூஃப், செவனைத் திருப்பி நெவிஸ், டென்னைத் திருப்பி நெட். மூணுக்கு கார்பெட், 33க்கு டபுள் கார்பெட். ரேஸ்ல மட்டும் இல்ல, கிழக்கு லண்டன் சந்தை வியாபாரிங்களும் இப்படித்தான் பேசிப்பாங்க. நம்ம ஊர் மாட்டுத்தாவணியில துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சே விலை பேசுவாங்கள்ல, நான் சின்ன வயசுல தாத்தா கூட போய்ப் பார்த்திருக்கேன். அதைப் பார்த்தவனுக்கு இது புதுசா தெரியல. ஆனா அது மூணாம் ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னு துண்டுக்குள்ள நடக்கிறது, இது தூரத்து ஆளுக்குத் தெரியணும்னு உசரத்துல நடக்கிறது.

எங்க பக்கத்துல நின்ன டிக்-டாக் ஆளு வீட்டுல மனைவிக்குக் காது கேக்காது, வீட்டுல ஒரு சைகை பாஷை, ராத்திரி இங்க ஒரு சைகை பாஷை. ரெண்டும் கலந்துராதான்னு ஒரு தடவை கேட்டேன். கலக்காது, அது பேசறதுக்கு, இது பிழைக்கிறதுக்குன்னு சொன்னார். 90-கள் முடியறதுக்குள்ள ரேடியோவும் போனும் வந்து அந்த வேலையே இல்லாமப் போச்சு.

சென்னை வாசகி: 500 பவுண்டுக்கு 'மங்கி'ன்னு சொல்றது பழைய இந்திய 500 ரூபாய் நோட்டுல குரங்கு படம் இருந்ததாலன்னு படிச்சேன், உண்மையா?

இல்லம்மா. குரங்கு படம் போட்ட 500 ரூபாய் நோட்டே கிடையாது. கதை நல்லாருக்குன்னு ஆளாளுக்கு எழுதறாங்க. 25க்கு போனி, 20க்கு ஸ்கோர், 100க்கு டன், 500க்கு மங்கி, இது மட்டும் நிஜம், காதால கேட்டிருக்கேன்.

மலேசியத் தமிழன்: வால்தம்ஸ்டோவை ஒரு புக்கியே கட்டினாராமே?

ஆமாங்க. வில்லியம் சேண்ட்லர்னு ஒரு புக்மேக்கர், 1933-ல திறந்தார், அந்த வருஷமே ஏமி ஜான்சன் விருந்தாளியா வந்தாங்க, இங்கிலாந்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியா விமானம் ஓட்டிப் போனாங்களே, அவங்கதான். அங்க வேற கதைகளும் உண்டு. 1945 தேர்தல்ல சர்ச்சில் அந்த ஸ்டேடியத்துல பேச வந்தப்போ கூட்டம் கூச்சல் போட்டுது. டேவிட் பெக்காம் சின்னப் பையனா இருந்தப்போ அங்க கிளாஸ் பொறுக்கற வேலை பார்த்தார்.

புக்கிகள்ல நாய் டிராக்ல இருந்து பெரிய ஆளா ஆனவங்க நிறைய. ஜோ கோரல் போலந்துல பிறந்து சின்ன வயசுல இங்க வந்தவர், ஹாரிங்கே டிராக்ல பெட்டி போட்டு நின்னு பெட் வாங்கினவர், இன்னிக்கு ஹை ஸ்ட்ரீட்ல பார்க்கிற நீலக் கடை அவர் பேர்தான். வில்லியம் ஹில்லும் 1929-ல லண்டன் வந்து நாய் ரேஸுக்கு பெட் வாங்கித்தான் ஆரம்பிச்சார். அது அப்படி ஒரு காலம். 1926 ஜூலை 24 மான்செஸ்டர் பெல் வியூல எந்திர முயலை வெச்சு முதல் ரேஸ், அடுத்த வருஷமே லண்டன் ஒயிட் சிட்டி. இருபது வருஷத்துல, 1946-ல, டோட்ங்கிற பொதுப் பானை பெட் ஜன்னல்ல (விவரம் கீழ) மட்டும் 19 கோடியே 60 லட்சம் பவுண்ட் புரண்டிருக்கு. குதிரை ரேஸ் ஊருக்கு வெளிய, பகல்ல. நாய் ரேஸ் பஸ் ஏறிப் போற தூரத்துல, வேலை முடிஞ்சு ராத்திரி. ஃபேக்டரி ஆளுக்கு வேற என்ன வேணும்?

பெயர் வேண்டாம்: ஃபார்ம், அதாவது நாயோட பழைய ரேஸ் ரிசல்ட், பார்த்து ஜெயிக்கிற நாயைக் கண்டுபிடிக்க ஃபார்முலா இருக்கா?

நாலாவது ஆள் கேக்கறீங்க. ஃபார்முலா இருந்தா என் முதலாளி எழுபது வயசுல குளிர்ல நின்னிருக்க மாட்டார். 'கெனல்ல சொன்னாங்க' ஆளுங்க கிட்ட ஜாக்கிரதையா இருங்க, திரும்பவும் சொல்றேன்.

கோவை நண்பர்: டேகன்ஹாம்னு ஒரு ஊர்ல புக்கிகளையே ஏமாத்தினாங்களாமே, விவரம் சொல்லுங்க.

1964 ஜூன் 30, டேகன்ஹாம் ஸ்டேடியம், மத்தியான ரேஸ். நடந்தது நான் வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி, ஆனா எங்க முதலாளி வாயில வாரம் ஒரு தடவை வரும். டோட்னா தெரியும்ல, எல்லார் காசையும் ஒரே பானையில போட்டு, ஜெயிச்ச டிக்கெட்காரங்க பிரிச்சுக்கிறது. முதல் ரெண்டு நாயை வரிசையா சொன்னா அது ஃபோர்காஸ்ட். ஊர்ல இருக்கிற பெட்டிங் கடைகள், 1961-லதான் அதெல்லாம் சட்டபூர்வமா ஆச்சு, அந்தக் கடைகள் டிராக்ல டோட் என்ன குடுக்குதோ அதே ரேட்ல ஃபோர்காஸ்ட்டுக்குப் பணம் குடுக்கும்.

இதுல ஒரு ஓட்டையை ஒரு பெட்டிங் கும்பல் ஆளுங்க பார்த்துட்டாங்க. நூத்துக்கும் மேல ஆளுங்களை டிராக்குக்கு அனுப்பி டோட் ஜன்னல் பூரா அடைச்சுக்கிட்டு நிக்க வெச்சாங்க. அந்த ஆளுங்க ஜெயிக்க வாய்ப்பில்லாத ஜோடியாப் பார்த்து ஒவ்வொரு டிக்கெட்டா மெதுவ்வா வாங்கிக்கிட்டே இருந்தாங்க, பின்னாடி நிக்கிற பொது ஜனம் கிட்டயே போக முடியல. ரேஸ் முடிஞ்சு பார்த்தா ஜெயிச்ச ஜோடிக்கு பானையில ஒரே ஒரு டிக்கெட். 2 ஷில்லிங்குக்கு 987 பவுண்ட் 11 ஷில்லிங் 9 பென்ஸ்! அதே நேரம் நாடு பூரா பெட்டிங் கடைகள்ல அதே ஜோடியை அவங்க ஆளுங்க வாங்கி வெச்சிருந்தாங்க. கடைக்காரங்க பணம் குடுக்க மாட்டோம்னு நின்னுட்டாங்க.

சட்டம் படிக்கும் தங்கை: அண்ணா, இது பச்சைத் திருட்டு. இதைப் போய் ரசிச்சு எழுதறீங்களே?

திருட்டுன்னு எதைம்மா சொல்றே? நாய்க்கு மருந்து குடுக்கல, ஜாக்கியைக் கவுக்கல, ஜாக்கியே கிடையாது. காசு குடுத்து டிக்கெட் வாங்கினாங்க. மெதுவா வாங்கக் கூடாதுன்னு போர்டு இருந்துச்சா?

கணக்கு வாத்தியார், சேலம்: தங்கச்சி சொல்றது சரி. மத்தவங்களை வாங்க விடாமத் தடுத்தாங்கள்ல. பானை நேர்மையா நிறையலன்னா அந்த ரேட் ரேட்டே இல்ல.

கோவை நண்பர்: புக்கி 118க்கு புத்தகம் போட்டா திறமை, பப்ளிக் ஒரு நாள் திருப்பி அடிச்சா திருட்டா?

சட்டம் படிக்கும் தங்கை: புக்கி போர்டுல எழுதி வெக்கிறார், பிடிச்சா கட்டு, பிடிக்கலைன்னா அடுத்த பெட்டிக்குப் போ. இங்க கியூல நின்ன அப்பாவிக்கு அந்த சாய்ஸே இல்ல அண்ணா.

மூணு பேரும் விடறதா இல்ல, இன்னும் ஏழெட்டு மெசேஜ் இதைப் பத்தியே வந்திருக்கு, வேற கேள்வியெல்லாம் அப்படியே நிக்குது, இதை முடிச்சுட்டே போவோம். நான் கோவைக்காரர் பக்கம்தான் இருந்தேன், மறைக்கல. ஆனா தங்கச்சி கடைசியா சொன்னது என் முதலாளி சொன்னதேதான். எதிர்ல நின்னு மூஞ்சியைப் பார்த்து ரேட் கேட்டு என்னை அடிச்சா நான் தொப்பியைக் கழட்டுவேன், ஜன்னலை அடைச்சு நிக்கிறவனுக்குக் கழட்ட மாட்டேன்னு சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கு அது பொறாமைப் பேச்சா தெரிஞ்சுது. ரெண்டு மூணு வருஷம் அவர் பக்கத்துல நின்னப்புறம்தான் ஏன் அப்படிச் சொன்னார்னு புரிஞ்சுது, அதை எழுதறேன்.

அந்தக் காலத்துல புக்கி குடுக்கிற கார்டுல கலரும் நம்பரும் அவர் பேரும் மட்டும்தான் இருக்கும். எந்த நாய், எவ்வளவு, என்ன ரேட், எதுவும் இருக்காது. முதலாளி சத்தமா "நூறுக்கு இருபது, நாலு, கார்டு 312"னு கூவுவார், அதாவது நாலாம் நம்பர் நாய் மேல இருபது பவுண்ட், ஜெயிச்சா நூறு லாபம், நான் எழுதுவேன். என் எழுத்துதான் சாட்சி. ஒரு சனிக்கிழமை கடைசி நிமிஷ நெரிசல்ல நாலுன்னு கூவினதை நான் அஞ்சுன்னு எழுதிட்டேன். நாலு ஜெயிச்சுது. அந்த ஆள் 312-ஐ நீட்டினார், லெட்ஜர்ல அஞ்சுன்னு இருக்கு. நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டறேன், கை நடுங்குது, வரிசையில பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் எட்டிப் பார்க்கறாங்க. முதலாளி பக்கத்தைப் பார்க்கவே இல்ல, அந்த ஆள் மூஞ்சியை மட்டும் பார்த்தார், தோல் பையைத் திறந்து 120 பவுண்டை எண்ணிக் குடுத்தார். என் கிட்ட ஒரு வார்த்தை பேசல. வேன்ல வீட்டுக்கு வரும்போதுதான் சொன்னார், நான் கூவினது நாலு, அந்த ஆளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியலன்னு. சம்பளத்துல பிடிக்கல. அடுத்த வாரத்துல இருந்து எழுதினதும் நம்பரைத் திருப்பிச் சொல்லிக் காட்டணும்னு பழக்கிட்டார், இன்னிக்கு வரைக்கும் யாராவது போன் நம்பர் சொன்னாக்கூட நான் திருப்பிச் சொல்லித்தான் எழுதுவேன்.

எல்லா புக்கியும் இப்படின்னு சொல்ல வரல. கார்டை நீட்டினா லெட்ஜரைக் காட்டிக் கையை விரிச்ச ஆளுங்களையும் அதே வரிசையில பார்த்திருக்கேன். பேர் வேண்டாம்.

கிண்டி ரசிகன்: கிண்டி ரேஸ்கோர்ஸ் புக்கிகள் பத்தியும் எழுதுங்க சார்.

அது குதிரை, என் பக்கம் இல்ல. 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் அதுக்குப் பெரிய கதை இருக்கு, பழைய சென்னை ஆளுங்களைக் கேளுங்க.

ராஜபாளையம் தம்பி: சிப்பிப்பாறையை கிரேஹவுண்டோட ஓட விட்டா எது ஜெயிக்கும்?

முயல் பொம்மை பின்னாடி வட்டமா ஓடறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளர்த்தது கிரேஹவுண்ட், கல்லும் முள்ளுமா இருக்கிற கரிசக் காட்டுல வெயில்ல ஓடறது நம்ம நாய். வேற வேற வேலை. ஓட விட்டுப் பார்க்காதீங்க தம்பி.

நர்ஸ் அக்கா, லெஸ்டர்: அந்த நாய்களோட கதி என்ன? அதைப் பத்தி யாருமே எழுத மாட்டேங்கறீங்க.

சரியான கேள்வி அக்கா. நாங்க நின்ன இடத்துல இருந்து நாயைப் பார்க்கறது அரை நிமிஷம்தான், சிவப்பு, நீலம், வெள்ளை, கருப்பு, ஆரஞ்சு, வரின்னு ஆறு ஜாக்கெட் திருப்பத்துல போகும், அவ்வளவுதான். ஓடி முடிச்ச நாய் அப்புறம் எங்க போகுதுன்னு நானும் கேட்டதில்ல. 2006-ல வடக்க சீஹாம்ங்கிற ஊர்ல ஒரு ஆள் பல வருஷமா ஆயிரக்கணக்குல ரேஸ் நாய்களைக் கொன்னு நிலத்துல புதைச்ச விஷயம் பேப்பர்ல வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல. 2010-ல நாய்கள் நலனுக்குன்னு தனிச் சட்ட விதி வந்துச்சு, இப்ப வேல்ஸ்ல ரேஸையே தடை பண்றதா 2025-ல அறிவிச்சுட்டாங்க. அந்தத் தடையை நான் ஆதரிக்கறேன். அந்த மனுஷங்களை எனக்குப் பிடிக்கும், அதுக்காக நாய் சாகறதை ஒத்துக்க முடியாது.

ஈஸ்ட் ஹாம் வாசி: அண்ணா ட்ராப் 6 நல்லதுன்னு ஒருத்தர் சொல்றார்...

யாரு, கெனல் ஆளா? போங்க தம்பி.

மும்பைத் தமிழச்சி: பெட் கட்ட வந்தவங்கள்ல மறக்க முடியாத ஆள்?

ரெண்டு பேர். ஒருத்தர் வயசான தையல்காரர், வாராவாரம் எட்டு மணி ரேஸுக்கு 2 பவுண்ட், எப்பவும் ஆறாம் நம்பர், ஏன்னா அந்த வரி போட்ட ஜாக்கெட் தையல்தான் ஒழுங்கா இருக்காம். ஜெயிச்சா ஒரு பெப்பர்மின்ட்டை எனக்குக் குடுத்துட்டுப் போவார், தோத்தாலும் குடுப்பார்.

இன்னொருத்தர் மழைக் கோட்டு ஆளு, முதலாளி பயந்த ஒரே மனுஷன். ராத்திரி பூரா ஒரு பெட்டும் கட்ட மாட்டார், பரேடு வரும்போது வேலி ஓரம் நின்னு நாயோட நடையை மட்டும் பார்ப்பார், ரேஸ் கார்டுல எடையைப் பார்ப்பார். போன தடவை எடைக்கும் இப்ப எடைக்கும் ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருந்தா நாயை ஓட விட மாட்டாங்க, அந்த ஒரு கிலோவுக்கு உள்ளதான் அவர் படிப்பு பூரா. திடீர்னு ஒரு ரேஸுக்கு வந்து நிப்பார். அவர் வர்றதைப் பார்த்ததும் முதலாளி கை தானா ஸ்பாஞ்சுக்குப் போகும். ஆனா அவர் ரேட் கேட்டு வாயைத் திறந்துட்டாருன்னா போர்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் குடுப்பார், அழிக்க மாட்டார்.

பெயர் வேண்டாம்: அந்த மழைக் கோட்டு ஆள் முறையைக் கொஞ்சம் விளக்கமா...

மாட்டேன்.

ரயில்வே ஊழியர், திருச்சி: அந்த டிராக் எல்லாம் இப்ப என்ன ஆச்சு?

ஒயிட் சிட்டி 1984-ல மூடினாங்க, அந்த இடத்துல பிபிசி கட்டடம். ஹாரிங்கே 1987, இப்ப செயின்ஸ்பரீஸ். ஹாக்னி 1997, ஒலிம்பிக் பார்க்குக்குள்ள போயிருச்சு. கேட்ஃபோர்ட் 2003, வீடுங்க. விம்பிள்டன் 2017, ஃபுட்பால் ஸ்டேடியம். க்ரேஃபோர்டு 2025 ஜனவரில. லண்டன்ல மிச்சம் ரோம்ஃபோர்ட் ஒண்ணுதான். வால்தம்ஸ்டோ 2008 ஆகஸ்ட் 16 கடைசி ராத்திரி, நானும் போயிருந்தேன், முதலாளி அப்ப இல்ல. எங்க பெட்டி இருந்த இடத்துல ஒரு பொண்ணு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா, நான் கொஞ்ச நேரம் தள்ளியே நின்னேன். முன்பக்கத்து நியான் போர்டை மட்டும் இடிக்காம வெச்சிருக்காங்க, பின்னாடி பூரா அபார்ட்மென்ட்.

சென்னை வாசகி: பழைய கார்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா அண்ணா?

ஒண்ணு இருக்கும்மா. 312. அந்த ஆள் பணத்தை வாங்கிட்டு கார்டைத் திருப்பிக் குடுத்துட்டார்ல, முதலாளி அதை மறுபடி கட்டுல சேர்க்கல, என் கோட்டுப் பையில போட்டு விட்டார். பீரோல எங்கயோ இருக்கு, தேடி நாளைக்குப் படம் போடறேன். மீதி கேள்விகளுக்கும் நாளைக்கு.